காய்க்காத ஜம்புவுக்கு ஒரு ஜாமீன்

காலை எட்டு மணிக்கு நர்சரியின் தகரக் கதவைத் தள்ளியபோது வெளியே மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் செடி வாங்க வந்தவரில்லை. முதல் ஆளின் பெயர் கலீல் பாய். செடி விற்கிற தொழிலில் விற்பது கால் பங்கு, விற்ற செடிக்குப் பதில் சொல்வது முக்கால் பங்கு.

கரையான்சாவடியிலிருந்து ஆவடிப் பக்கம் திரும்புகிற சாலையில் என் கடை. கடை வைப்பதற்கு முன்பு ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரத்துச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே தப்பாக ஒன்று அச்சாகிவிட்டால் மறுநாள் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். செடிக்கு அந்த வசதி கிடையாது. அது ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நம் பெயரைக் கெடுத்தபடியே வருஷா வருஷம் வளரும்.

என் கடையில் அதிகம் போவது நாவல் இனத்து மரங்கள். கறுப்பு நாவல், வெள்ளை நாவல், பன்னீர் நாவல், ஜம்பு, சமையலுக்குப் போடுகிற கிராம்பு எல்லாம் ஒரே இனம்தான். எந்தக் காலத்திலும் பச்சையாக நிற்கும். பழத்தில்தான் ஊதா, சிவப்பு, ரோஸ், வெள்ளை என்று வித்தை காட்டும். இதில் ஜம்பு என்பது மணி போலத் தொங்குகிற, கடித்தால் தண்ணீர் விடுகிற பழம். வாங்க வருகிறவர்கள் வாட்டர் ஆப்பிள் என்பார்கள். வாசலில் ஒரு செடியை வைத்துவிட்டு வருஷக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கடையைத் திறந்து வைத்துவிட்டு வருகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இனி நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. கூட ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஆறுதலுக்காகப் படிக்கலாம்.

பெருநாள் கெடு

கலீல் பாய்க்குப் பூந்தமல்லி பஜாரில் பாத்திரக் கடை. ஆறு வருஷத்துக்கு முன்பு என்னிடம் ஒரு சிவப்பு ஜம்புச் செடி வாங்கிப் போனார். பதியன் போட்ட செடி. இரண்டாம் வருஷமே காய்க்க வேண்டியது. அது காய்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தது. “பூ இல்ல, பிஞ்சு இல்ல தம்பி. இலைதான் வருது. ஒவ்வொண்ணும் செருப்பு சைஸ்” என்றார்.

“இலை நன்றாக வருகிறது என்றால் மரம் ஆரோக்கியமாக இருக்கிறது பாய்.”

“ஆரோக்கியத்துக்கு இன்னா கொறச்சல்? அத காட்டி ஊட்ல எத்தன நாளு சமாளிக்கிறது?”

விஷயம் இதுதான். அவர் வீட்டு கேட்டுக்கு உள்ளே ஒரே ஒரு இடம். அதில் ஜம்பு நிற்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மகன் ரியாஸ் வெள்ளை நிறத்தில் ஒரு கார் வாங்கிவிட்டான். கார் தெருவில் நிற்கிறது. தண்ணீர் லாரி போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் ஓடிவந்து காரை அணைத்தபடி நிற்கிறார். பாயின் மனைவி மெஹருன்னிசா தீர்ப்பு சொல்லிவிட்டார். பங்குனிக் கடைசியில் நோன்புப் பெருநாள். ரியாஸுக்குப் பெண் கொடுத்த வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் ஒரு பழமாவது கண்ணில் தெரிந்தால் மரம் இருக்கும். தெரியாவிட்டால் மரம் போகும், கார் உள்ளே வரும். மெஹருன்னிசா அந்தத் தெருவில் வாக்குக்குப் பேர் போனவர். சொன்ன சொல்லைத் தானும் மீற மாட்டார், அடுத்தவரையும் மீற விடமாட்டார். நான் வேண்டுமானால் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“என் ஊட்டுக்காரி கெடு வெச்சா கோர்ட்டுல கூட ஸ்டே கெடைக்காது தம்பி.”

விழாத நாவல்

அன்று காலை இரண்டாவதாக நின்றவர் நெமிலிச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். (மூன்றாமவர் திருவேற்காட்டுக்கு வழி கேட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்.) செயலாளர் செல்போனில் போன ஆனி மாதத்துப் போட்டோக்களைக் காட்டினார். வரிசையாகக் கார்கள். எல்லாவற்றுக்கும் ஊதா நிறத்தில் அம்மை போட்டிருந்தது. வளாகத்துக்குள் நிற்கும் நாவல் மரத்தின் வேலை.

“வெட்டவும் முடியல சார். காலையில வாக்கிங் போறவங்க எல்லாம் சுகருக்கு நல்லதுன்னு பொறுக்கித் தின்கிறாங்க. தின்னுட்டு நேரா என்கிட்ட வந்து, காரு பாழாயிடுச்சுன்னு புகார் குடுக்கறாங்க. அதே ஆளுங்க சார்! நாக்கு கூட இன்னும் ஊதாவா இருக்கு.” அதனால் கீழே விழாத நாவல் ரகம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். பழம் கிளையிலேயே இருக்க வேண்டும், வேண்டியவர் பறித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு ரகம் வந்தால் முதலில் நாவல் கொட்டிக் கறையாகிக் கிடக்கிற என் வீட்டு மாடிக்குத்தான் தேவை என்று சொன்னேன். வலை கட்டிப் பாருங்கள் என்றேன். வலை கட்டினால் சங்கத்தில் அதற்கும் ஓட்டெடுப்பு வைக்க வேண்டும் என்றார்.

கலீல் பாய் இன்னும் போகவில்லை. செயலாளரின் செல்போனை வாங்கி, கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு காரின் மேற்கூரையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“சார், உங்க கஷ்டத்த எனக்குக் குடுங்க. என் கஷ்டத்த நீங்க எடுத்துகினு போங்க. ஒரே ஒரு சீசனுக்கு.”

ஷேடு கார்டு

ஜம்பு வாங்க வருகிறவர்கள் இனிப்பைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைக் கேட்க மாட்டார்கள். நிறத்தைக் கேட்பார்கள். அம்பத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டதோடு நிற்கவில்லை. கைப்பையைத் திறந்து பெயின்ட் கடைக்காரர்கள் கொடுக்கும் நிற அட்டையை விசிறி போல விரித்தார். தொட்டியில் காய்த்துத் தொங்கிய ஜம்புப் பழத்தின் பக்கத்தில் ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்தார். காம்பவுண்டுச் சுவருக்கும் பழத்துக்கும் பொருத்தம் பார்க்கிறாராம்.

ஒரே மரத்திலேயே வெயில் படும் பக்கத்துப் பழம் நல்ல சிவப்பாக இருக்கும், நிழல் பக்கத்துப் பழம் வெளிறி இருக்கும் என்று சொன்னேன். “அப்போ நீங்க எதுக்கும் கேரன்டி தர மாட்டீங்களா?” என்றார். கடையில் பதியன் போடும் டில்லிபாபு மண் கையோடு எட்டிப் பார்த்து, “மேடம், காய் செவப்பாத்தான் வரும். வராங்காட்டி செவுத்த மாத்திக்கலாம், அது உங்க கைல கீது” என்று வியாபாரத்தை முடிக்கப் பார்த்தார். அந்த அம்மா அதைச் சீரியஸாக யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“நாளைக்குப் பெயின்டர் வர்றாரு. பழம் எப்போ வரும்னு கரெக்டா சொன்னீங்கன்னா, அவரை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்.”

பங்காளி

டில்லிபாபுவின் குடும்பம் நெமிலிச்சேரிப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனையானதும் அவர் என் கடைக்கு வந்தார். நல்ல கை. வாய் இன்னும் நல்லது. நாவலும் ஜம்புவும் கிராம்பும் ஒரே இனம் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எது கேட்டு யார் வந்தாலும், இருப்பில் உள்ளதை அதன் உறவுக்காரன் என்று சொல்லி விற்க ஆரம்பித்தார்.

திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பெரியவர் கிராம்புச் செடி கேட்டு வந்தார். பல்வலிக்காரர். தினமும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே ஒரு மரம் இருந்தால் வலிக்கிறபோது பறித்துக்கொள்ளலாம் என்றார். கிராம்புக்கு மலைக் குளிர் வேண்டும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கே பல்வலி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டில்லிபாபு குறுக்கே வந்து ஒரு வெள்ளை நாவல் கன்றை முன்னால் வைத்தார். “இத்த எடுத்துக்கோ சார். கிராம்புக்கு இது பங்காளி. ஒரே வமிசம்.” பெரியவர் கன்றைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கறுப்பு நாவல் நிற்கிறது. அதுவும் இதற்கு உறவா என்று கேட்டார். அண்ணன் தம்பி மாதிரி என்றார் டில்லிபாபு. பெரியவர் கன்றை மெதுவாக, மரியாதையாக, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“பங்காளிங்கள பக்கத்துல பக்கத்துல வெக்கச் சொல்றியே, நடுவுல செவுரு எவன் கட்டறது?”

பின் சீட்டில் ஜம்பு

காய்த்த செடிதான் வேண்டும் என்பார்கள். காயோடு போகிற செடி வீடு போய்ச் சேருவதற்குள் காயை உதறிவிடும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆவடியிலிருந்து வந்த ஒரு தம்பதி காய் எண்ணிப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். கணவர் வண்டியை ஓட்ட, மனைவி தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சற்று நேரத்தில் கணவரிடமிருந்து போன். கடையில் பார்த்தபோது இருந்த காய்கள் வீட்டில் இல்லை, செடியை மாற்றித் தர வேண்டும். வழியில் கொட்டியிருக்கும் என்றேன். கொட்டியிருந்தால் தொட்டியிலாவது மடியிலாவது கிடக்க வேண்டுமே என்றார், நியாயமாக. பிறகு பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

“பருத்திப்பட்டு சிக்னல்ல அவ்ளோ நேரம் நிறுத்துனா நான் இன்னாதான் பண்றது?”

அண்டா கழுவின தண்ணீர்

கெடு நெருங்க நெருங்க கலீல் பாய் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குப் போனேன். பூந்தமல்லியில் ஒரு குறுகலான தெரு. மரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மாடி பால்கனியை மறைத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் நின்றது. ஒரு கிளை மதிலைத் தாண்டித் தெருவுக்கு மேலே நீண்டு, கீழே நிற்கும் காருக்குக் குடை பிடித்தது. அடியில் செங்கல் வைத்து வட்டமாகப் பாத்தி. பாத்தியில் தண்ணீர் தளும்பியது.

என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். பாய்க்கு முகம் மலர்ந்தது. காலையில் அரிசி களைந்த தண்ணீர். மதியம் கறி கழுவின தண்ணீர். வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு. மாதத்துக்கு ஒரு மூட்டை ஆட்டு எரு. தெருவில் கல்யாணம் என்றால் பிரியாணி அண்டா கழுவுகிற தண்ணீரை வேறு யாருக்கும் விடாமல் சொல்லி வைத்து வாங்கி வருகிறார். இரவு படுக்கப் போகும் முன் ஒரு குடம், தாகமெடுத்தால் குடிக்கட்டும் என்று.

உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கிடைக்கிற மரம் இலை விடும், பூ விடாது பாய் என்றேன். மொட்டு வருகிற வரைக்கும் எரு போடாதீர்கள், தண்ணீரை நிறுத்துங்கள், மண் நன்றாகக் காயட்டும், இலை கொஞ்சம் வாடட்டும் என்று விளக்கினேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. “என் கையால காயப் போடறதா? வாசல்லயே நிக்குது தம்பி. போம்போதும் பாக்குது, வரும்போதும் பாக்குது.” டீ கொண்டுவந்த மெஹருன்னிசா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

“இவரு கையால துன்னா மனுசனே எந்திரிச்சு வேலைக்குப் போவ மாட்டான். மரம் எங்கருந்து காய்க்கும்?”

கோடாரி

பாய் தண்ணீரை நிறுத்த மாட்டார் என்று தெரிந்துவிட்டது. தை பிறந்ததும் டில்லிபாபு ஒரு வழி சொன்னார். அவர் ஊரில் காய்க்காத மாமரத்தையும் புளியமரத்தையும் மிரட்டுவார்களாம். ஒரு ஆள் கோடாரியோடு வந்து, காய்க்காத மரம் எதற்கு, வெட்டப்போகிறேன் என்று கத்த வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் ஓடிவந்து, வெட்டாதே, காய்க்கும், நான் ஜாமீன் என்று தடுக்க வேண்டும். மரம் இரண்டையும் கேட்டுப் பயந்து காய்க்கும். விதிகள் இரண்டே. ஓங்கின கோடாரி ஜாமீன் இல்லாமல் இறங்கக் கூடாது. நடிப்பு என்று மரத்துக்குத் தெரியக் கூடாது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று பாய்க்குச் சந்தேகம். “பூஜ இல்ல, படையல் இல்ல பாய். வெறும் மெரட்டல்” என்றார் டில்லிபாபு. வெறும் மிரட்டலுக்குத் தடையிருக்காது என்று பாய் தானே முடிவு செய்துகொண்டார். மெஹருன்னிசாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார் என்பதால், அவர் கரையான்சாவடியில் தங்கை வீட்டுக்குப் போகிற ஒரு புதன்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தோம். பாய் ஜாமீன் கொடுக்க வேண்டும். இரண்டு நாளாக என் கடையில் ஒத்திகை பார்த்திருந்தார்.

டில்லிபாபு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தார். “இன்னா மரம் இது! ஆறு வருசமா துன்னுகினு நிக்கிது, ஒரு காய்க்கு வக்கில்ல! இன்னிக்கு வெட்டாம உட மாட்டேன்!” கோடாரி தலைக்கு மேலே போனது. பாய் படியிலிருந்து ஓடிவர வேண்டும். அவர் ஓடிவரவில்லை. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டில்லிபாபு அதே வசனத்தை இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். “சொல்லு பாய், கை நோவுது” என்றார் டில்லிபாபு பல்லைக் கடித்துக்கொண்டு. நான் சொல்ல முடியாது. நான் விற்ற ஆள், வீட்டு ஆளில்லை.

அந்த நேரத்தில் கேட் திறந்தது. ஷேர் ஆட்டோ கிடைக்காமல் திரும்பி வந்த மெஹருன்னிசா, கையில் குடையோடு நின்றார். முன்பின் பார்த்திராத ஒருவன் தன் வீட்டுக்குள் கோடாரியை ஓங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“டேய்! யார்ரா நீ? யாரக் கேட்டு வெட்ட வந்த?”

டில்லிபாபுவுக்கு வேறு வசனம் தெரியாது. “காய்க்காத மரம் எதுக்கு பாயம்மா? வெட்டத்தான் போறேன்!”

“பெருநாள் வரைக்கும் நான் டைம் குடுத்திருக்கேன். என் வாயால குடுத்த கெடு. அதுக்கு முன்னாடி இத்த தொட எவன்டா நீ?”

“அதுக்குள்ள காய்க்கும்னு இன்னா நிச்சயம்? யாரு ஜாமீன்?”

“நான்டா ஜாமீன்! எறக்குடா கோடாரிய!” என்று குடையை ஓங்கினார்.

கோடாரி உடனே இறங்கியது. பயத்தால் இல்லை, கை மரத்துப் போயிருந்தது. டில்லிபாபு துண்டை அவிழ்த்துக் கும்பிடு போட்டு, நடந்ததை விளக்கினார். மெஹருன்னிசா படியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை. மரத்தை வெட்ட நாள் குறித்தவரே அது காய்க்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். தெருவில் நான்கு வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில் கொடுத்திருக்கிறார். “சொன்னா சொன்னதுதானே?” என்று கேட்டார், யாரிடம் என்றில்லாமல். கலீல் பாய் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“கல்யாணமாகி முப்பது வருசத்துல இவ என் பக்கம் நின்னது இன்னிக்குத்தான் தம்பி.”

குழாய்ச் சாவி

அன்று சாயங்காலமே மெஹருன்னிசா எனக்குப் போன் செய்தார். காய்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பாயிடம் சொன்னதையே சொன்னேன். மறுநாள் வாசல் குழாய்க்குப் பூட்டு விழுந்தது. சாவி அவர் இடுப்பில். புண்ணாக்கும் எருவும் மொட்டை மாடிக்குப் போயின. கல்யாண வீடுகளுக்கு, அண்டாத் தண்ணீர் இனி வேண்டாம் என்று தகவல் போனது.

பாய் சும்மா இருக்கவில்லை. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுகிற ஒளுவைப் பள்ளிவாசலில் செய்துகொண்டிருந்தவர், திடீரென்று வீட்டிலேயே, மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளையும் ஒளு செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு வேளையும் உள்ளேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர். மூன்றாம் நாள் மெஹருன்னிசா முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்தார். தைக் கடைசியில் இலைகள் வாடித் தொங்கின. பாயும் தன் பாத்திரக் கடையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, பாய் ரொம்பக் கவலைப்படுகிறார், ஒரு வாளியாவது விடலாமே என்று மெஹருன்னிசாவிடம் அவருக்காகப் பேசிப் பார்த்தேன்.

“ஜாமீன் குடுத்தது நானு. மரம் காய்க்கலன்னா தெருவுல தல குனியறது நானா, அவரா?”

மொட்டும் நாரும்

அப்புறம் ஒரு நாள் பாய் போனில் ரகசியக் குரலில், பட்டாணி மாதிரி ஏதோ தெரிகிறது என்றார். சத்தமாகச் சொன்னால் மரத்துக்குக் கேட்டுவிடும் என்ற பயம். இனி அளவாகத் தண்ணீர் விடலாம் என்று மெஹருன்னிசாவுக்குச் சொன்னேன். அளவு அவருடையதாகவே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

மொட்டு விரிந்தது. ஆனால் ஒரு காலையில் பாய் கைக்குட்டையில் எதையோ மூட்டை கட்டிக்கொண்டு, நோன்பு முகத்தோடு கடைக்குள் வந்தார். பிரித்தால் வெள்ளை வெள்ளையாக நார். “எல்லாம் கொட்டிப் போச்சு தம்பி. வாசல் பூரா இதான்.” ஜம்புப் பூவில் அந்த நார்தான் கொட்டும், காய் மேலேயே நிற்கும், நிமிர்ந்து பாருங்கள் என்றேன். ஆறு வருஷம் அண்ணாந்தே பார்த்த மனிதர் அன்று கீழே மட்டும் பார்த்திருக்கிறார். மரம் பிழைத்தது எதனால் என்று அதற்குப் பிறகு கடையில் பெரிய விவாதம். வெயிலில் காயப் போட்டதுதான் காரணம் என்றேன் நான். தொழுகையில் கேட்ட துஆ என்றார் பாய். செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த டில்லிபாபு திரும்பவே இல்லை.

“இங்க கீற மல்லி கூட அந்தக் கோடாரிய பாத்தா ரெண்டு பூ அதிகமா பூக்குது, நீங்க பேசுங்க.”

நோன்பு திறக்கிற நேரம்

இருபத்தேழாம் நோன்பன்று காலை முதல் பழம் பழுத்தது. நல்ல சிவப்பு. வெயில் பக்கத்துக் கிளை. ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் நோன்பு. மாலை பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. ஆறு வருஷம் காத்திருந்த பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. தின்று பார்த்து இது பழம்தான் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. பாய் என் கடைக்கு ஆட்டோ அனுப்பினார். நானும் டில்லிபாபுவும் போனோம். “நீங்க நோன்பு இல்லியே, ஒரு கடி கடிச்சு ருசி சொல்லுங்க” என்று கெஞ்சினார். டில்லிபாபு கையை நீட்டினார்.

“கை வெச்சுப் பாரு, இந்தத் தடவ கோடாரிய நான் எடுக்கறேன்” என்றது மெஹருன்னிசாவின் குரல், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து. ஜாமீன் கொடுத்தவர்தான் முதலில் தின்ன வேண்டும் என்று தீர்ப்பானது. எங்களைப் போக விடவில்லை. சாயங்காலம் வரை அணிலையும் காக்கையையும் விரட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாய் பழத்தைப் பார்த்தபடி, நாங்கள் பாயைப் பார்த்தபடி.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டதும் மெஹருன்னிசா ஜம்புவைக் கடித்தார். கன்னத்தில் தண்ணீர் தெறித்தது. மெதுவாக மென்றார். பாய் கஞ்சியைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஜம்புவில் பெரிய ருசியெல்லாம் கிடையாது என்பது விற்கிற எனக்குத் தெரியும். இனிப்பு இருப்பதுபோல் இருக்கும், அவ்வளவே. மீதிப் பழத்தை அவர் கணவர் கையில் வைத்தார்.

“வெறும் தண்ணியாத்தான் கீது. இந்நேரத்துக்கு அதான் வேணும், துன்னுங்க.”

கடைசியாக

பெருநாளன்று சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மரம் உள்ளே நின்றது, கார் தெருவில் நின்றது. தட்டில் பிரியாணிக்குப் பக்கத்தில் ஜம்பு வைத்தார்களாம். மெஹருன்னிசா மரத்தைக் காட்டி, நான் ஜாமீன் கொடுத்த மரம் என்றாராம். மதிலைத் தாண்டிய கிளையில் காய் பிடித்திருக்கிறது, பாய் எண்ணி முடிக்கவில்லை என்று டில்லிபாபு வந்து சொன்னார்.

இந்தத் தொழிலில் புகார் இரண்டே வகை, காய்க்கவில்லை என்பது ஒன்று, காய்க்கிறது என்பது இன்னொன்று. பெருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, காரின் மேல் பழம் விழுகிறது என்று சொல்ல ரியாஸ் கடைக்கு வந்தான்.